எட்டாயிரம் ரூபாயில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு வெயில் முகாம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். முசிறிப் பக்கம் ஒரு கிராமம். எட்டிலிருந்து பதினான்கு வயதுக்குள் 25 பெண் பிள்ளைகள். மே முதல் வாரத்தில் ஐந்து நாள் பகல் முகாம். கையில் 8,000 ரூபாய். ஏதாவது ஒரு தீம் வைத்து நடத்த ஆசை. என்ன தீம், எப்படித் திட்டமிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பணம் போதும். கணக்கைக் கீழே தருகிறேன். அதற்கு முன்னால் வேறொன்றைப் பேச வேண்டும். கிராமத்தில் பெண் பிள்ளைகளுக்கு முகாம் நடத்தும்போது உண்மையில் தட்டுப்பாடாக இருப்பது அந்தப் பிள்ளைகளின் நேரம். நான் முதன்முதலில் நடத்திய முகாமுக்கு 22 பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் நாள் வந்தது ஒன்பது பேர். சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். ஒருத்தி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். இன்னொருத்தி குழாயில் தண்ணீர் வரும்வரை குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வீட்டில், “பெரிய பொண்ணாயிட்டா, வெயில்ல எங்க அனுப்புறது, கறுத்துப் போயிடுவா” என்றார்கள். நான் வாங்கி வைத்திருந்த வண்ணக் காகிதமும் பசையும் அந்தப் பிள்ளைகளில் ஒருவரைக்கூட வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்திருக்காது.

அதனால் முகாமுக்குப் பத்து நாள் முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் போய் மூன்று விஷயம் கேளுங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, சின்னப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், மதியச் சாப்பாடு யார் செய்கிறார்கள். இந்த மூன்றுக்கும் கிடைக்கிற பதிலை வைத்துத்தான் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் காலை 9 மணியிலிருந்து 12.45 வரை சரியாக அமைந்தது. மதியச் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். தம்பி தங்கையைக் கூட்டிவரலாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அறையின் ஒரு மூலையில் பாய் விரித்து, நாலு கொட்டாங்கச்சி, கொஞ்சம் மணல், பழைய பாத்திரம் போட்டு, கல்லூரிக்குப் போகும் அக்கா ஒருவரை அங்கே உட்கார வையுங்கள். இந்த ஒரு ஏற்பாட்டால் மட்டும் அடுத்த வருடம் எங்களுக்கு எட்டுப் பிள்ளைகள் கூடுதலாக வந்தார்கள்.

தீமுக்கு வருகிறேன். கடல், விண்வெளி, காடு என்று பல முகாம்கள் பார்த்துவிட்டேன். மே மாதத்தில், குறைந்த செலவில், பெண் பிள்ளைகளுக்கு என்றால் நான் வெயிலைத்தான் சொல்வேன். அக்னி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டித் தொடங்கிவிடும். முகாமுக்கு வேண்டிய முக்கியமான பொருள் தலைக்கு மேலேயே காசில்லாமல் கொட்டிக்கிடக்கும். தவிர, பெண் பிள்ளைகளுக்கு வெயிலோடு ஒரு வழக்கு இருக்கிறது. அண்ணன் நாள் முழுக்க வெயிலில் கிரிக்கெட் ஆடுவான், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தங்கை வாசலைத் தாண்டினால் நிறத்தைப் பற்றிப் பேச்சு வரும். முதல் நாள் முதல் வேலையாக, வீட்டில் வெயிலைப் பற்றிக் கேட்ட வாக்கியங்களை எல்லாரையும் துண்டுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். சுவரில் ஒட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் “கறுத்துடுவ” என்றே இருக்கும். அறிவுரை எதுவும் சொல்லாதீர்கள். தோலில் மெலனின் என்று ஒன்று இருக்கிறது, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரிலிருந்து உடம்பைக் காக்கத்தான் தோல் அதைக் கூடுதலாகச் செய்துகொள்கிறது, கறுப்பு என்பது தோல் தனக்குத் தானே விரிக்கும் குடை என்று மட்டும் விளக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள். அந்தச் சீட்டுகள் ஐந்து நாளும் சுவரில் இருக்கட்டும்.

அந்த அடுத்த வேலை நிழல். ஒரு மீட்டர் உயரக் கம்பு ஒன்றை மைதானத்தில் செங்குத்தாக நடுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 11.30-லிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் மட்டும் தலையில் துண்டு போட்டுக்கொண்டு போய், நிழலின் நுனியில் ஒரு புளியங்கொட்டை வைத்துவிட்டு ஓடிவர வேண்டும். மற்றவர்கள் வராந்தாவில் அளவு எழுதுவார்கள். நிழல் எப்போது மிகக் குட்டையாகும் என்று முன்கூட்டியே பந்தயம் கட்டச் சொல்லுங்கள். எல்லாரும் 12 மணி என்பார்கள். உங்கள் ஊரில் மே முதல் வாரத்தில் அது 12.13-ஐ ஒட்டித்தான் நடக்கும். நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. முசிறி அதற்கு நாலு பாகை மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிடம். வருடத்தின் அந்தச் சமயத்தில் சூரியன் மூன்று நிமிடம் போல முந்திக்கொள்வதால் அதைக் கழிக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதைத் தாங்களே போட்டுவிடுவார்கள்.

இன்னொரு ஆச்சரியமும் அதே கம்பில் இருக்கிறது. உச்சி வேளையில் நிழல் வடக்குப் பக்கம் விழும் என்றுதான் பாடப்புத்தகப் படங்கள் பழக்கியிருக்கும். மே மாதம் நம் ஊரில் அது தெற்கே விழும். சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விட்டது. நிழலே இல்லாத நாள் கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டி வருகிறது, திருச்சியில் 18-ஐ ஒட்டி, சென்னையில் 24-ஐ ஒட்டி. அது முடிந்த பிறகு வருகிற குட்டி நிழல், ஒரு மீட்டர் கம்புக்கு 10 சென்டிமீட்டர் போலத்தான் இருக்கும். புளியங்கொட்டைகளை நூலால் இணைத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, நம்ம பள்ளிக்கூட வாசல் கிழக்குன்னு சொன்னாங்க, அது கோணலா இருக்கு” என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்தாள். தலைமையாசிரியருக்கே அது செய்தி.

இரண்டாம் நாளுக்கு மஞ்சள் படம். முகாமிலேயே பிள்ளைகள் அதிகம் விரும்புவது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சமையல் மஞ்சள்தூள் ஆறு தேக்கரண்டியை 200 மில்லி சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கிப் பத்து நிமிடம் தெளியவிடுங்கள். பக்கத்தில் அடுப்போ தீக்குச்சியோ இருக்கக் கூடாது. மேலே தெளிந்து நிற்பதைத் துணியில் வடிகட்டி, அறைக்குள் நிழலில் வைத்தே கெட்டியான வெள்ளைக் காகிதத்தில் தூரிகையால் பூசிக் காயவிடுங்கள். பிறகு மேலே வேப்பிலை, முருங்கைக் கொத்து, புளிய இலை என்று பிள்ளைகள் பொறுக்கி வந்ததை வைத்து, காற்றில் பறக்காமல் கண்ணாடித் தகடோ தெளிவான பிளாஸ்டிக் தாளோ போட்டு, வெயிலில் இரண்டு மணி நேரம் விடவேண்டும். எடுத்துப் பார்த்தால் வெயில் பட்ட இடமெல்லாம் வெளிறியிருக்கும், இலை மூடியிருந்த இடம் மஞ்சளாக இருக்கும். இப்போது ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கரைத்துக் காகிதத்தின் மேல் தெளியுங்கள். இலை இருந்த இடம் செங்காவியாக எழும்பி வரும்.

வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் காயப்போட்டால் போய்விடும் என்பது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பைப் போட்டால் சிவக்கும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்த இரண்டு வீட்டு அறிவும் ஒரே காகிதத்தில் சேருகிறது. மஞ்சளில் இருக்கும் குர்குமினை ஒளி சிதைக்கிறது. மிச்சமிருப்பதை ஆப்ப சோடா, சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் சிவப்பாக்குகிறது. போன வருடம் ஒருத்தி இலைக்குப் பதிலாக அம்மாவின் சீப்பை வைத்தாள். பல் பல்லாகச் சிவப்பில் வந்தது, நடுவே உடைந்திருந்த இரண்டு பல்லின் இடைவெளியோடு. அதைப் பார்த்த பிறகு மறுநாள் கொண்டை ஊசி, வளையல் துண்டு, தம்பியின் பொம்மைச் சக்கரம் எல்லாம் வந்து குவிந்தன. படத்தை நோட்டுக்குள் வைத்து மூடச் சொல்லுங்கள், வெளிச்சத்தில் மாட்டினால் மங்கிவிடும்.

மூன்றாம் நாள் கண்ணாடி. பொட்டுக் கடையில் கிடைக்கிற கைக்கண்ணாடிமேல் காகிதம் ஒட்டி, அரை சென்டிமீட்டரில் ஒரு ஓட்டை மட்டும் விடுங்கள். களிமண் உருண்டையில் செருகி, வெளியே ஒரு ஸ்டூலில் வைத்து, சூரிய ஒளியை ஜன்னல் அடைத்த வகுப்பறைக்குள் வாசல் வழியாகத் திருப்புங்கள். கண்ணாடியிலிருந்து சுவர் 15 மீட்டர் தள்ளியிருந்தால் சுவரில் 14 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் விழும். ஓட்டையை முக்கோணமாக வெட்டினாலும் வட்டம்தான் வரும், ஏனென்றால் அது சூரியனின் படம். அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் வட்டம் தன் அகலத்துக்கு நகர்ந்து கோட்டைவிட்டு வெளியே போய்விடும். பூமி சுற்றுகிறது என்று பரீட்சையில் எழுதிய பிள்ளை, அது சுற்றுவதைச் சுவரில் பார்ப்பாள். 1,500-ஐ 14-ஆல் வகுத்தால் 107. சூரியன் இருக்கும் 15 கோடி கிலோமீட்டரை 107-ஆல் வகுத்தால் 14 லட்சம். சூரியனின் குறுக்களவு கிட்டத்தட்ட அதுதான். கண்ணாடியின் விலை 30 ரூபாய். கண்டிப்பான விதி ஒன்று உண்டு. சூரியனையோ கண்ணாடியையோ யாரும் நேராகப் பார்க்கக் கூடாது, ஒளி போகும் பாதையில் யாரும் குறுக்கே போகக் கூடாது. ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றே ஆக வேண்டும்.

அந்த அறையிலேயே இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லலாம். நிகர் ஷாஜி செங்கோட்டையில் பிறந்து, அங்கே அரசுப் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிக்குப் போனவர். சூரியனை ஆராய இஸ்ரோ 2023 செப்டம்பர் 2-இல் அனுப்பிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்தவர். அந்த விண்கலம் 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் இடத்தைச் சேர்ந்தது. இதை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். மைதானத்தில் ஒருத்தியைப் பூமியாக நிறுத்தி, நூறு தப்படி தள்ளி இன்னொருத்தியைச் சூரியனாக நிறுத்துங்கள். ஆதித்யா எங்கே நிற்கும் என்று கேட்டால் எல்லாரும் சூரியனுக்குப் பக்கத்தில் ஓடுவார்கள். அது பூமியிலிருந்து ஒரே ஒரு தப்படியில் நிற்கிறது. இன்னொருவர் அன்னா மணி. 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வேலை செய்து, பிறகு வானிலைத் துறைக்கு வந்தவர். நாட்டில் எந்த ஊரில் எவ்வளவு வெயில் அடிக்கிறது என்பதை முறையாக அளக்கக் கருவிகளும் நிலையங்களும் அமைத்ததில் அவர் பங்கு பெரியது. வெயிலில் சுற்றாதே என்று கேட்டு வளரும் பிள்ளைகளிடம், வெயிலை அளப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்த ஒருவர் உண்டு என்று சொல்லும்போது அறை அமைதியாகிவிடும்.

முதல் நாளே தொடங்கி ஐந்து நாளும் ஓடவேண்டிய வேலை வற்றல். உப்புப் போடாத மாங்காய்க் கீற்று 500 கிராமைத் தட்டில் பரப்பி, தினமும் எடை பார்த்துச் சுவரில் வரைபடம் போடுங்கள். கடைசி நாள் 100 கிராமுக்கு அருகில் இறங்கிவிடும். மிச்சமெல்லாம் தண்ணீராக இருந்தது, வெயில் கொண்டுபோய்விட்டது. நாலாம் நாள் ஊர்ப் பாட்டி ஒருவரைக் கூப்பிட்டுக் கூழ் காய்ச்சச் சொல்லி, வேட்டியில் வடகம் பிழியலாம். பெண் பிள்ளைகளுக்குச் சமையல்தானா என்று உங்களிடம் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. தராசும் வரைபடமும் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும், பாத்திரம் கழுவும் வேலை முகாம் நடத்துகிற பெரியவர்களிடம் இருக்க வேண்டும். அதை நான் விட்டுக்கொடுத்ததில்லை.

புது மண்பானையிலும் எவர்சில்வர் குடத்திலும் ஒரே தண்ணீரை நிழலில் வைத்து வெப்பமானியால் அளப்பது, கறுப்புச் சாயம் பூசிய டப்பாவையும் வெள்ளை டப்பாவையும் வெயிலில் வைத்து ஒப்பிடுவது போன்றவை சின்னச் சின்ன வேலைகள். இடைவெளி கிடைக்கும்போது செய்துகொள்ளலாம்.

நாலாம் நாள் பதினொரு வயதுக்கு மேற்பட்டவர்களைத் தனியாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கிராம சுகாதாரச் செவிலியரை முன்கூட்டியே அழைத்துவிட வேண்டும். இதுவும் வெயில் விஷயம்தான். மாதவிடாய்த் துணியை இன்னும் பல வீடுகளில் கட்டிலுக்கடியிலும், வேறு துணிக்கு அடியில் ஒளித்தும் காயவைக்கிறார்கள். அந்தத் துணி சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் முழுக்கக் காய வேண்டும். ஈரத்தோடு இருட்டில் கிடந்தால் கிருமிக்குத்தான் வசதி. அரசின் புதுயுகம் திட்டத்தில் கிடைக்கும் நாப்கின் எல்லாருக்கும் வந்து சேருகிறதா என்றும் அப்போதே கேட்டுவிடலாம். அந்த அறையில் ஆண்கள் வேண்டாம்.

விளையாட்டு காலை 9 மணிக்கே, வெயில் ஏறுவதற்கு முன்னால். கபடி, கோ-கோ, எது வேண்டுமானாலும். ஊர்ப் பையன்களிடம் முன்னதாகவே பேசி, ஐந்து நாள் காலையில் மைதானம் பெண் பிள்ளைகளுக்கு என்று கேட்டு வாங்குங்கள். கடைசி நாள் நுங்கு வெட்டித் தின்றுவிட்டு, நுங்கெடுத்த காலிக் காயில் நுங்கு வண்டி செய்து பந்தயம் விடலாம். எங்கள் ஊரில் நுங்கு வண்டி ஓட்டிய பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது வாழ்க்கையில் முதல்முறை. பையன்கள் ஓட்டுவதைத் திண்ணையிலிருந்து பார்த்ததோடு சரி.

உடம்பைப் பற்றி. 10 மணிக்கும் 11 மணிக்கும் நீர்மோர் கட்டாயம். 10.30-க்குச் சுண்டலோ வேர்க்கடலையோ. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலைதட்டி. இந்த உயிர்காக்கும் கரைசலை முதல் நாளே பிள்ளைகள் தாங்களே கலக்கிக் கற்றுக்கொள்ளட்டும். தலைவலி, குமட்டல், சோர்வு என்று யாராவது சொன்னால் உடனே நிழல், ஈரத்துணி, கரைசல். உளறல், மயக்கம், உடம்பு நெருப்பாய்ச் சுடுவது என்றால் உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இடம் பள்ளிக்கூடமோ மகளிர் குழுக் கட்டடமோ, எதுவாக இருந்தாலும் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். கழிப்பறை திறந்திருக்கிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், மே மாதத்தில் அது ஆபத்து. எப்போதும் இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும். யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐ எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடும் வழக்கம் வேண்டாம், வீட்டாரைக் கேட்காமல் ஒரு படமும் வெளியே போகக் கூடாது.

இப்போது கணக்கு. ஐந்து நாளுக்கு மோரும் சுண்டலும் 3,000. காகிதம், சார்ட், ஸ்கெட்ச் பேனா, நூல் 900. மஞ்சள், ஸ்பிரிட், ஆப்ப சோடா 250. கண்ணாடி ஐந்து, 150. வெப்பமானி மூன்று, 450. மண்பானை இரண்டு, 400. கூழ், மாங்காய் 300. நுங்கு 700, கடையில் வாங்காமல் மரம் ஏறுபவரிடமே சொல்லிவைத்தால் இன்னும் குறையும். முதலுதவிப் பெட்டி, நாப்கின் 500. பாட்டிக்கும், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கும் சேர்த்து 1,000. மொத்தம் 7,650. விலைகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், மிச்சம் 350 அதற்குத்தான். பாட்டிக்கும் அக்காவுக்கும் தரும் பணத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். பெண்களின் வேலையைச் சும்மா வாங்கிக்கொண்டு பெண் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. டி-ஷர்ட், பேனர், சான்றிதழ் எதுவும் வேண்டாம்.

ஐந்தாம் நாள் 11.30-க்கு அம்மாக்களை வரச் சொல்லுங்கள். பேச்சு, வரவேற்புரை தேவையில்லை. பிள்ளைகளே கண்ணாடியை வைத்துச் சூரியனைச் சுவரில் காட்டட்டும், 12.13-க்குக் கம்பருகே கூட்டிப்போய்த் தெற்கே விழும் நிழலைக் காட்டட்டும். காய்ந்த வடகத்தை ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக் கொடுங்கள். சுவரில் ஒட்டிய சீட்டுகளை அம்மாக்கள் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு மகள்கள் படித்துக் காட்டுவார்கள்.

நாள் குறைவாக இருக்கிறது, இந்த வாரமே வீடுகளுக்குப் போகத் தொடங்குங்கள். காலையில் போனால் அம்மாக்கள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள், விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போங்கள். திண்ணையில் இருக்கும் பாட்டியிடம் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். பேத்தியை அனுப்பலாமா என்பதை முக்கால்வாசி வீடுகளில் அவர்தான் முடிவு செய்கிறார். கூழ் காய்ச்ச ஆளும் அங்கேயே கிடைத்துவிடும்.